ஐஸ் அறைப் பெட்டி எவ்வளவு எழுதலாம்?

1

இந்த வாரம் எங்கள் கந்தோரில் ஒரு கூட்டம் நடந்தது. ஒன்றேகால் மணித்தியாலம். பேசிய விசயம் ஒன்றே ஒன்று: நாங்கள் புதிதாகச் செய்கிற மென்பொருள் தன் வேலையைப் பற்றி எவ்வளவு எழுதி வைக்க வேண்டும்?

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது விசர்க்கதை மாதிரித் தெரியும். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன். நாங்கள் செய்கிற ஒவ்வொரு மென்பொருளும் வேலை செய்யும்போதே பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டு போகும். இத்தனை மணிக்கு இதைச் செய்தேன், இத்தனை மணிக்கு இது பிழைத்தது என்று. அதற்கு லொக் என்று பெயர். எவ்வளவு எழுதலாம் என்பதற்குப் படிகள் உண்டு. ஆகக் கீழ்ப்படியில் வைத்தால் பிழை வந்தால் மட்டும் வாய் திறக்கும். அதற்கு மேலே எச்சரிக்கை. அதற்கும் மேலே தகவல். ஆக மேலே வைத்தால் தும்மினாலும் எழுதும். அந்தப் படியை நான் தமிழில் நுணுக்கம் என்பேன். குறைய எழுதினால், ஏதாவது நடந்தபிறகு ஏன் நடந்தது என்று தெரியாமல் முழிக்க வேண்டும். கூட எழுதினால், தேவையான ஒரு வரியைத் தேவையில்லாத ஆயிரம் வரிக்குள் தேட வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "எல்லாவற்றையும் எழுதினால் என்ன? இடமா இல்லை?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தக் கந்தோரில் என் தலைமுடிதான் ஆகக்கூட நரைத்தது.

போன வருடம் இதே வாரம் ஊரில், மன்னார்த் தாழ்வுபாட்டில், என் தம்பி ஐஸ் அறைக்குள் அகப்பட்டான். அதைத்தான் யோசித்துக்கொண்டு இருந்தேன்.

2

நான் ரீற்றா. தாழ்வுபாட்டில் பிறந்து, இந்தியாவுக்கு வள்ளத்தில் போய், அங்கிருந்து எப்படியோ நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன நகரத்துக்கு வந்து சேர்ந்தவள். இங்கே மீன் லொறிகளின் குளிரை அளக்கிற பெட்டிகள் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. கடற்கரையில் பிறந்து, கடல் தாண்டி வந்து, இங்கேயும் மீனோடுதான் மாரடிக்கிறேன். சிரிக்காதேங்கோ.

வந்த புதிதில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் மேலாளர் லார்ஷ் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். "எல்லாம் சரியா?" என்பார். "ஒரு பிரச்சினையும் இல்லை" என்பேன். ஒருநாள் அப்படிச் சொன்னபோது எங்கள் பிரதான கணினி வெள்ளிக்கிழமையிலிருந்து செத்துக் கிடந்தது. நான் மூன்று நாள் தனியாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விசயம் தெரிந்தபோது லார்ஷ் கோபிக்கவில்லை. அவருக்கு விளங்கவே இல்லை. "பிரச்சினை இருக்கும்போது ஏன் இல்லை என்றாய்?" என்று குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல?

எங்கள் வீட்டில் அது பழக்கம். சண்டைக் காலத்தில் தொலைபேசி என்றால் யாரோ மூன்றாவது ஆளும் கேட்டுக்கொண்டிருப்பார் என்றுதான் பேசுவோம். அத்தோடு இன்னொன்றும் உண்டு: வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. தூரத்தில் இருந்து அது என்ன செய்யும், பாவம். எங்களைப் பெற்ற ஐயா இறந்ததை எனக்கு முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகுதான் சொன்னார்கள். அதற்கு முன் எடுத்த போன் எல்லாவற்றிலும் "ஐயா படுத்திருக்கிறார், ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார்கள். நானும் அப்படித்தான். இங்கே குளிரில் வழுக்கி விழுந்து கை முறிந்து மாவுக்கட்டோடு இருந்தபோது, "சுகமா இருக்கிறன், ஸ்நோ வடிவா இருக்கு" என்று சொன்னவள்.

சண்டை முடிந்து, தம்பி யூட் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அது மாறவில்லை. யூட் வள்ளங்களின் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிறவன். இலுப்பைக்கடவையில் ஒரு வேலைத்தலம் வைத்திருந்தான். பாதை பூட்டுப்பட்டபோது சனத்தோடு சனமாகக் கிழக்கே போனான். சண்டை முடிந்த கடற்கரை வரை போனான். பிறகு தடுப்பு முகாமில் ஒரு வருடத்துக்கு மேல். விட்டபோது தாழ்வுபாட்டில் எங்கள் வீட்டுக் கூரை இருந்தது, கதவும் யன்னலும் இல்லை. ஐயாவும் அம்மாவும் இல்லை. கலியாணம் கட்டாதவன், தனிய. அந்த வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குச் சொல்வான்: "நான் சுகம் அக்கா. ஒரு பிரச்சினையும் இல்லை."

3

மீளக்குடியேறிய சனத்துக்கென்று யாரோ உதவி செய்து ஊர் மீனவர் சங்கத்துக்கு ஓர் ஐஸ் அறை கட்டிக் கொடுத்தார்கள். காலையில் பிடிக்கிற மீனைப் பின்னேரம் கொழும்பு லொறி வரும்வரை வைத்திருக்கத்தான். சங்கத் தலைவர் மரியதாஸ் அண்ணை, அறைக்கு யூட்டைப் பொறுப்பாகப் போட்டார். அறைப் பூட்டின் திறப்பு அவனிடம் மட்டும். மாதத்தில் பாதி நாள் கரண்ட் நிற்கும். நின்றது தெரியாமல் ஒருநாள் பாரையும் கும்பளாவுமாக ஓர் அறை மீன் நாறிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் நிறுவனத்தில் கழித்துப் போட்ட பழைய பெட்டி ஒன்றை லார்ஷிடம் கேட்டு வாங்கினேன். சின்னப் பெட்டி. உள்ளே ஒரு சிம் போட்டால் அறையின் சூட்டை அளந்து, கூடினால் சங்கத்துக்காரருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். லொக் எனக்கு இங்கே வந்து சேரும்.

பெட்டி கொழும்பு வரை ஒரு கிழமையில் போனது. கொழும்பிலிருந்து மன்னாருக்குப் போக நான்கு மாதம். அதில் விரல் நீளத்துக்கு ஓர் ஏரியல் இருந்ததுதான் குற்றம். இந்தக் கந்தோர், அந்தக் கந்தோர், ஜீ.எஸ் என்கிற கிராம சேவகரின் கடிதம், சங்கத்தின் கடிதம், ஆமிக்கு ஒரு பிரதி, நேவிக்கு ஒரு பிரதி. கடைசியில் ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: இந்தக் கருவி எவற்றைப் பதிவு செய்கிறது?

யூட் போனில் கேட்டான். "அறையின்ர வெப்பநிலை மட்டும் எண்டு எழுது" என்றேன்.

"மட்டும் எண்டு போடவோ? வடிவா யோசிச்சுச் சொல்லு. நான்தான் கையெழுத்து வைக்கிறது."

"ஓமடா. மட்டும் எண்டே போடு."

நான்கு பிரதி. நாலையும் மும்மூன்று தரம் வாசித்துத்தான் கையெழுத்து வைத்தான் என்று பிறகு மரியதாஸ் அண்ணை சொன்னார். கந்தோர்க்காரருக்கே அலுப்புத் தட்டிவிட்டதாம். முகாமில் அவன் எத்தனை வாக்குமூலத்துக்குக் கையெழுத்து வைத்தவன் என்பது எனக்கு அப்போது தெரியாது. இன்று சொன்னதை நேற்றுச் சொன்னதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். ஒரு சொல் மாறினால் விடிய விடியத் திரும்பவும் முதலில் இருந்து கேட்பார்களாம்.

உண்மையில் அந்தப் பெட்டிக்கு வேறு விசயங்களும் தெரியும். கதவு திறந்தால் தெரியும். உள்ளே லைற் எரிந்தால் தெரியும். மீன் லொறிக்குச் செய்த பெட்டி அல்லவா, எல்லாம் கூடவே வரும். ஆனால் கீழ்ப்படியில் வைத்தால் அதையெல்லாம் எழுதாது. அதனால் நான் பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை.

4

முதல் மாதம் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். இது எங்கள் சனத்துக்கு மட்டும் வரக்கூடிய கூத்து.

பெட்டி உயிரோடு இருக்கிறது என்று காட்ட ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு ஒரு செய்தி அனுப்பும்படி வைத்தேன். நோர்வேக்காரர் இதில் 'எல்லாம் சரி' என்று போடுவார்கள். நான் தமிழில் போடுவோம் என்று ஆசைப்பட்டு, ஆங்கில எழுத்தில், 'ஒரு பிரச்சினையும் இல்லை, யோசிக்க வேண்டாம்' என்று போட்டுவிட்டேன்.

முதல் நாள் காலை அந்த எஸ்எம்எஸ் கிடைத்ததும் சங்கத்துக் கமிட்டி ஐந்து பேரும் போட்டது போட்டபடி ஐஸ் அறைக்கு ஓடியிருக்கிறார்கள். மரியதாஸ் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில். ஒருத்தர் வலையை அரைவாசியில் விட்டுவிட்டு. இரண்டாம் நாளும் ஓட்டம். மூன்றாம் நாள் அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை ரீற்றா, உந்த யோசிக்க வேண்டாம் எண்டதை முதல்ல எடும். எங்கட வீட்டில செத்த வீட்டுச் செய்தி எல்லாம் அப்பிடித்தான் வந்தது. காலங்காத்தால நெஞ்சு பதறுது."

"அண்ணை, ஒண்டும் இல்லை எண்டுதானே அதில கிடக்கு?"

"ஒண்டும் இல்லையெண்டா ஏன் பிள்ளை சொல்லுவான்?"

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அதை எடுத்துவிட்டு, இனி மறைக்காமல் எல்லாம் சொல்லட்டும் என்று படியை உயர்த்தி, வெப்பம் ஒரு பாகை கூடினாலும் குறைந்தாலும் அனுப்பும்படி வைத்தேன். அடுத்த ஞாயிறு பூசையில், சுவாமியார் அப்பத்தை உயர்த்துகிற நேரம் மரியதாஸ் அண்ணையின் போன் பதினேழு தரம் அடித்ததாம். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். சுவாமியாரும் பார்த்தாராம். அன்றே படியைக் கீழே இறக்கி எச்சரிக்கையில் வைத்தேன். அதோடு ஊர் அமைதியானது. பெட்டி தேவைக்கு மட்டும் வாய் திறந்தது, எல்லோருக்கும் அதில் திருப்தி.

5

போன வருடம் சோளகக் காற்றுத் தொடங்கிய நேரம் ஒரு முறைப்பாடு வந்தது. மத்தியான நேரம் ஐஸ் அறையில் சூடு கொஞ்சம் ஏறுகிறது. ஐஸ் கரைகிறது. கமிட்டியில் ஒருத்தர் யூட் கவனமில்லை என்றார். இன்னொருத்தர், கதவைத் திறந்து யாருக்கோ மீன் குடுக்கிறான் என்றுகூடச் சொன்னாராம். இதை யூட் எனக்குச் சொல்லவில்லை, மரியதாஸ் அண்ணைதான் சொன்னார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. என் தம்பியையா கள்ளன் என்கிறார்கள்? காரணத்தைக் கண்டுபிடித்து அவர்கள் முகத்தில் எறிகிறேன் பார் என்று, இங்கிருந்தே, ஊருக்குப் போகிற எஸ்எம்எஸ்ஸைத் தொடாமல், எனக்கு வருகிற லொக்கின் படியை மட்டும் ஆக மேலே, நுணுக்கத்துக்கு ஏற்றினேன். இரண்டு நாளைக்கு மட்டும் என்று நினைத்துத்தான். யூட்டுக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காரணம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் பதினொன்றரை மணியளவில் கதவு திறக்கிறது. உள்ளே லைற் எரிகிறது. கதவு பூட்டுகிறது. லைற் அணையவில்லை. முப்பது நிமிசம், சில நாள் நாற்பது நிமிசம். பிறகு கதவு திறக்கிறது, லைற் அணைகிறது, கதவு பூட்டுகிறது.

யாரோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள். திறப்பு அவனிடம் மட்டும்தான் இருக்கிறது.

மீன் எடுக்க நாற்பது நிமிசம் வேண்டாம். வெக்கைக்கு ஒதுங்கினான் என்றால் ஐந்து நிமிசம் போதும், அதற்கு மேல் உடம்பு விறைத்துவிடும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படியைக் கீழே இறக்கியிருக்க வேண்டும். அல்லது அவனையே கேட்டிருக்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. ஒவ்வொரு காலையும், இங்கே எட்டு மணி, கோப்பியை வைத்துக்கொண்டு லொக்கைத் திறந்து பார்த்தேன். கதவு திறந்தது. லைற் எரிந்தது. கதவு பூட்டியது. ஞாயிற்றுக்கிழமை போனில் "எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்டால் "சுகம் அக்கா" என்பான். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வைப்பேன். வாய் கூசாமல் மூன்று கிழமை இப்படி ஓடியது.

என் மகள் மிரியத்துக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடம் எப்படி என்றால் "நல்லம்" என்பாள், அதுவும் நோர்வே மொழியில். சாப்பிட்டியா என்றால் "ம்". எங்கள் பெட்டியைவிடச் சிக்கனமான பிள்ளை. ஒரு விடுமுறை நாள் காலை பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்று கணினியை எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"மாமாட ஐஸ் அறை. அவர் உள்ள போற நேரம், வாற நேரம்."

கொஞ்ச நேரம் வரிகளை வாசித்தாள். பிறகு நோர்வே மொழியில் கேட்டாள்: "நீங்கள் பார்க்கிறது மாமாவுக்குத் தெரியுமா?"

"உனக்கு உதெல்லாம் விளங்காது. போய்ச் சாப்பிடு" என்றேன். போய்விட்டாள். அன்று பின்னேரமே தன் போனின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைச் சொல்லி வேலையில்லை.

6

அந்த நாளும் அதே பதினொன்றரை. கதவு திறந்தது, லைற் எரிந்தது, கதவு பூட்டியது. நான் கந்தோருக்கு வந்து, ஈரச் சப்பாத்தைக் கழற்றி வைத்து, கோப்பி ஊற்றினேன். நாற்பது நிமிசம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை. ஐம்பது. யூட்டுக்குப் போன் எடுத்தேன். அறைக்குள் போனுக்குச் சிக்னல் இல்லை, பெட்டியின் ஏரியலையே வெளியே இழுத்துத்தான் வைத்திருந்தோம். அது எனக்குத் தெரியும், என்றாலும் எடுத்தேன். ஐம்பத்தெட்டாம் நிமிசம் லைற் அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

சேசுவே! அவன்தான் உள்ளே இருந்து சுவிச்சைப் போட்டுப் போட்டு நிப்பாட்டுகிறான். கதவின் கீழ் இடுக்கால் வெளிச்சம் தெரிந்து யாராவது பார்ப்பார்கள் என்று. அந்த மத்தியான வெயிலில் யாருக்குத் தெரியும்?

மரியதாஸ் அண்ணைக்கு எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தரம் பிழையான இலக்கத்துக்குப் போனது.

"அண்ணை, யூட் ஐஸ் அறைக்குள்ள அகப்பட்டிட்டான். ஓடுங்கோ!"

"என்ன பிள்ளை சொல்லுறீர்? நீர் நோர்வேயில எல்லோ நிக்கிறீர்?"

"பிறகு சொல்லுறன் அண்ணை. முதல்ல ஓடுங்கோ!"

பதினொரு நிமிசம் கழித்து என் திரையில் ஒரு வரி விழுந்தது: கதவு திறந்தது. நான் கந்தோரில் எல்லோருக்கும் முன்னால் மேசையில் தலையை வைத்து அழுதேன். லார்ஷ் ஓடி வந்து "எல்லாம் சரியா?" என்றார். "ஒரு பிரச்சினையும் இல்லை" என்றேன்.

உள்கைப்பிடி உப்புப் பிடித்து இறுகிப்போயிருந்தது. அவன் தட்டியது குளிரூட்டும் எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வெளியே எடுத்து, துவாயால் சுற்றி வெயிலில் இருத்தி, தேத்தண்ணி பருக்கியிருக்கிறார்கள். பல்லுக் கிட்டியபடியே அவன் அவர்களிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஒரு பிரச்சினையும் இல்லை."

ஏன் உள்ளே போனான் என்பதும் அன்றுதான் வெளியில் வந்தது. சாரம் விலகினபோது இடது தொடையை மரியதாஸ் அண்ணை கண்டிருக்கிறார். கடைசிச் சண்டையில் பட்ட ஷெல் துண்டு. உள்ளேயே கிடக்கிறது. வெயில் ஏற ஏற அந்த இடம் நெருப்பாய்க் கொதிக்குமாம். ஐஸ் பாளத்தில் காலைச் சாய்த்து வைத்தால் கொஞ்சம் அடங்குமாம். மூன்று வருடமாக ஆசுப்பத்திரிக்குப் போகவில்லை. போனால் எங்கே பட்டது, எப்போது பட்டது, அங்கே என்ன செய்தாய் என்று கேட்டு எழுதுவார்கள். இனி ஒரு தாளிலும் தன் பெயர் ஏறக் கூடாது என்று அவன் முடிவெடுத்து வைத்திருந்தான்.

பின்னேரம் அவனே எனக்குப் போன் எடுத்தான். நான் அழுதேன், ஏசினேன், திரும்பவும் அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் உள்ளுக்க நிண்டது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பேசப் பழகின நாளிலிருந்து எனக்கு 'நீ' சொன்னவன். இன்று 'உங்களுக்கு' என்றான். சொன்னேன். படியை ஏற்றியதை, கதவை, லைற்றை, மூன்று கிழமையை.

"ஒவ்வொரு நாளும் எழுதினதோ?"

"ஓம்."

"நேரத்தோட?"

"ஓம்."

"நான் நாலு பிரதியில கையெழுத்து வைச்சனான். வெப்பநிலை மட்டும் எண்டு. உங்கட வாயைக் கேட்டு வைச்சனான்."

"உன்ர உயிரைக் காப்பாத்தினது அதுதானே யூட்!"

"காப்பாத்தினது சரி அக்கா. எழுதினது பிழை." குரலை உயர்த்தவே இல்லை. "அங்க இருக்கேக்க நான் எழும்பினது, இருந்தது, ஆரோட கதைச்சது எல்லாம் ஒருத்தன் கொப்பியில எழுதிக்கொண்டிருப்பான். அவனை எனக்குத் தெரியும், எனக்கு முன்னாலதான் இருப்பான். நீங்கள் எழுதினது எனக்குத் தெரியாது."

பிழை என்று சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். நான் யாரிடமும் லேசில் சொல்லாத சொல் அது. அன்றே பெட்டியை எச்சரிக்கைப் படியில் வைத்தேன். இனிப் படியை மாற்றுவதென்றால் அவனுடைய போனிலிருந்துதான் மாற்றலாம், என்னாலும் முடியாது என்று மாற்றி எழுதினேன். அந்த மூன்று கிழமை லொக்கையும் அழித்தேன். கைப்பிடியைப் புதிதாக மாற்ற மரியதாஸ் அண்ணை ஒழுங்கு செய்தார். கடைசியாக ஒன்று மட்டும் யூட்டிடம் சொன்னேன்: "பெட்டியின்ர இலக்கத்துக்கு நீ ஏதும் எஸ்எம்எஸ் அனுப்பினா அது எனக்கு லொக்கில ஒரு வரியா வரும். அனுப்பத்தான் வேணும் எண்டில்லை."

"பாப்பம்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

7

அதன்பிறகு நான்கு மாதம் லொக்கில் ஒன்றுமே இல்லை. கரண்ட் நின்றது, கரண்ட் வந்தது, அவ்வளவுதான். அவன் உள்ளே போகிறானா, இல்லையா, கால் எப்படி, எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போனில் "சுகம்" என்பான். படியை ஏற்ற எத்தனை தரம் கை துடித்தது என்று மாதாவுக்குத்தான் தெரியும். நானே பூட்டைப் போட்டுத் திறப்பை அவனிடம் கொடுத்திருந்தேன், அதனால் தப்பினேன்.

மிரியத்திடமும் போய்ச் சொன்னேன்: "நீ கேட்டது சரி. மாமாவுக்குத் தெரியாது. இப்ப தெரியும்." அவள் கையில் இருந்த போனைக் கீழே வைத்தாள். பிறகு தமிழில், "மாமாக்குக் கோவமா?" என்றாள். "கோவம்தான்" என்றேன். "எனக்கும் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, தனக்குக் கணக்குப் பாடம் பிடிபடவில்லை என்று ஒரு கதை தொடங்கினாள். அரை மணித்தியாலம் சொன்னாள். பாதி நோர்வே மொழி, பாதி தமிழ். நான் நடுவில் வாய் வைக்காமல் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

வாடைக்காற்றுக் காலம் ஒரு காலை. லொக்கில் ஒரு வரி கிடந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். எங்கள் பெட்டி எழுதியது அல்ல.

'உள்ளுக்குப் போறன்.'

இருபத்தொரு நிமிசம் கழித்து இன்னொன்று.

'வெளியில வந்திட்டன்.'

நான் பதில் அனுப்பவில்லை. போனிலும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இரண்டு வரி வந்தது. சில நாள் வராது. அன்று அவன் போகவில்லை என்று எடுத்துக்கொள்வேன், அல்லது சொல்ல விருப்பமில்லை என்று. தேவாலயத் திருநாள் அன்று மட்டும் கூடுதலாக ஒரு வரி வந்தது: 'இண்டைக்குச் சூடை மீன் நல்லா பட்டிருக்கு.' அதைப் படித்துவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவினேன்.

சரி, இந்த வாரக் கூட்டத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: யாரைப் பற்றி எழுதுகிறோமோ அந்த ஆளிடம் முதலில் கேட்க வேண்டும். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். விளங்கியதோ தெரியாது. கூட்டம் முடிந்து கதிரைக்கு வந்து லொக்கைத் திறந்தேன். 'உள்ளுக்குப் போறன்' இருந்தது. 'வெளியில வந்திட்டன்' இருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி.

'கால் கடுமையா நோகுது அக்கா. நீ வந்தா ஆசுப்பத்திரிக்குப் போவம்.'

அந்த 'நீ'யை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த சொல்.

லார்ஷ் வழக்கம்போல என் மேசையைக் கடந்து போனார். "எல்லாம் சரியா?" என்று கேட்டுக்கொண்டே போனார், நின்று கேட்கவும் இல்லை. இவ்வளவு வருடத்தில் பதில் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

"இல்லை" என்றேன். "ஒரு பிரச்சினை இருக்கிறது. நான் ஊருக்குப் போக வேண்டும்."

லார்ஷ் திரும்பி வந்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்து, "சொல்லு" என்றார்.

முதலில் இருந்து சொல்லத் தொடங்கினேன்.